ஆள் அசைந்தால் எரியும் விளக்கு

பதுளை பஸ் வருகிற வழியாகக் காணோம். நமுனுகுலவில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஒதுங்கி நிற்கிறேன். பட்டப்பகல்தான், ஆனால் மூடுபனி ஜன்னல்வரை வந்து வெளிச்சத்தைத் தின்றுவிட்டது. மின்சாரத்தை மிச்சம்பிடிக்கும் பசுமைக் கட்டடம் என்று வாசலில் புதுப் பலகை. தாய்மார் கொழுந்தெடுக்கப் போயிருக்கிறார்கள். குழந்தைகள் சேலைத் தொட்டில்களில் தூங்குகின்றன. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செல்வமேரி அக்கா ஒரு வெறும் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கிறார்.

“அக்கா, அதுல பிள்ளை இல்லையே?”

“லைட்டுக்குத்தான் ஆட்டுறேன் சார். ஆள் அசைஞ்சாத்தான் எரியும், சுவிட்சே வைக்கல. புள்ளைங்க அசந்து தூங்குனா அணைஞ்சிரும். இருட்டுல ஒண்ணு பொரண்டுச்சுன்னா பட்டுன்னு எரியும். அம்புட்டுதான், எல்லாம் முழிச்சிக்கிட்டு அழும்.”

எனக்கோ உட்கார முடியவில்லை. கதவுவரை நடக்கிறேன், போனைப் பார்க்கிறேன், திரும்ப நடக்கிறேன். அக்கா தொட்டில் கயிற்றை மெல்ல விடுகிறார். விளக்கு அணையவில்லை.

“அப்பிடியே நடந்துக்கிட்டு இருங்க சார். காலையில ஊத்துன தேத்தண்ணி, இன்னும் வாயில வைக்கல.”

நடக்கிறேன். என் பரபரப்பு இன்னொருவருக்கு உதவுவது இதுதான் முதல் தடவை. ஆறிப்போன தேத்தண்ணியை அவர் கண்ணை மூடிக் குடிக்கிறார்.

வளைவில் ஹோர்ன் சத்தம். பாதிக் கோப்பையோடு அவரை விட்டுவிட்டு ஓடுகிறேன். பஸ் படியில் நின்று திரும்பிப் பார்க்கும்போது ஜன்னல் இருண்டு, சட்டென்று மறுபடி எரிகிறது.

அசைந்தது அக்காவா, குழந்தையா? பஸ் கிளம்பிவிட்டது.