மட்டமான ஸ்பூன்

எங்கள் அக்கா வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "குவியல்" என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சினிமா தியேட்டர் வாசலில் தள்ளுவண்டியில் வறுத்த வேர்க்கடலை விற்கிறவர். அளப்பது ஒரு தகர டம்ளரில். மற்ற கடலைக்காரர்கள் டம்ளர் நிறைந்ததும் மேலே கையால் வழித்துச் சமம் செய்வார்கள். அதற்குத் தலைதட்டி அளப்பது என்று பெயர். மாமா அதைச் செய்யமாட்டார். டம்ளருக்கு மேலே குவித்து, அதிலிருந்து நாலு கடலை உருண்டு கீழே விழுந்தால்தான் அவருக்குத் திருப்தி. படம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் கடலைக்காகத்தான் வருகிறார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார். அங்கே ஓடுகிற படங்களைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

வீட்டிலும் அதே கைதான். சாப்பாடு போட உட்கார்ந்தால் "போதும்" என்ற சொல் அவர் காதில் விழாது. கையை நீட்டித் தட்டை மறைத்தால் கை மேலேயே போட்டுவிடுவார். நான் அவருடைய மச்சினி, அதே வீட்டில் மாடி அறையில் இருக்கிறேன். வந்த ஒரே வருஷத்தில் என் சட்டையெல்லாம் தையல் பிரித்துத் தைக்கவேண்டியதாயிற்று.

அவருக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பெண் பிறந்தது. அப்பன் விற்பது வேர்க்கடலை, பெண் அதைவிட ஒருபடி மேலே இருக்கட்டும் என்று "முந்திரி" எனக் கூப்பிட ஆரம்பித்தார். அக்காவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு கொடுத்த மருந்தால் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டப்பாப் பால்தான். நாலு மாதம் அக்கா லீவில் இருந்து பார்த்துக்கொண்டாள். பிறகு அவள் டெலிபோன் ஆபீஸ் கவுண்டருக்குத் திரும்பினாள். பகல் முழுக்க மாமா குழந்தையைப் பார்த்துக்கொள்வது, சாயங்காலம் அக்கா வந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்புவது என்று ஏற்பாடு.

கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்தார். கொதிக்க வைத்த தண்ணீரை ஆறவைத்து, புட்டியை வேகவைத்து, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி. ஆனால் இரண்டாவது வாரமே முந்திரி சிணுங்க ஆரம்பித்தது. வயிறு கட்டிக்கொண்டது. நாலு நாளைக்கு ஒருமுறைதான் போகும், அதுவும் முகம் செக்கச்செவேலென்று சிவந்து, முக்கி முனகி, சின்னச் சின்ன உருண்டையாக. பால் குடித்து முடித்த கையோடு மறுபடி அழும். பசிக்கிறது போல என்று மாமா இன்னும் கொஞ்சம் கலந்து கொடுப்பார்.

யோசனை சொல்ல ஆட்களுக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டம்மா சர்க்கரைத் தண்ணீர் என்றாள். எதிர்வீட்டுத் தையல்காரர் தேன் என்றார். வெளியூரிலிருந்து வந்து இறங்கிய எங்கள் அம்மா ஒரே யோசனைதான் சொன்னாள்.

"மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. ஆம்பளை கையில வளர்ற பிள்ளை இப்படித்தான் இருக்கும். ஞாயித்துக்கிழமை ரயிலுக்கு நான் தூக்கிட்டுப் போறேன். ஒரு வயசு ஆனதும் கொண்டுவந்து விடுறேன்."

அக்கா என்னைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன். அம்மா அன்றைக்கே குழந்தையின் துணிகளை மடித்துத் தன் பையில் வைத்துவிட்டாள். ஒன்பது வருஷம் காத்திருந்த மனுஷன் அந்தப் பையையே சுற்றிச் சுற்றி நடந்தார்.

வியாழக்கிழமை சுகாதார நிலையத்தில் எடை பார்க்கிற நாள். மாமா ஒரு கூடையில் பால் டப்பா, பிளாஸ்க், புட்டி, வெள்ளைத் துணியில் சுற்றிய ஸ்பூன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். நானும் கூடப் போனேன். அங்கே பெஞ்சு நிறைய அம்மாக்கள், ஒரே ஒரு மீசை.

நர்ஸ் எல்லாம் கேட்டுவிட்டு, "எப்படிக் கலக்குறீங்க, செஞ்சு காட்டுங்க" என்றார்.

மாமா இதற்குத்தான் காத்திருந்த மாதிரி துணியைப் பிரித்தார். பளபளவென்று ஒரு எவர்சில்வர் ஸ்பூன். டப்பாவுக்குள் விட்டு எடுத்தார். பழக்கதோஷம், மேலே மாவு குவிந்து நின்றது. ஒன்று, இரண்டு என்று போட ஆரம்பித்ததும் நர்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த ஸ்பூன் ஏது? டப்பாவுக்குள்ளயே ஒண்ணு இருந்திருக்குமே?"

"இருந்துச்சு சிஸ்டர். பிளாஸ்டிக். அது இப்ப வண்டியில உப்புத் தூவக் கிடக்கு."

"ஏன்?"

"டப்பாவிலேயே போட்டிருக்காங்களே, மட்டமான ஸ்பூன்னு." மாமா டப்பாவைத் திருப்பிக் காட்டினார். முப்பது மில்லி தண்ணீருக்கு மட்டமான ஒரு ஸ்பூன் பவுடர் என்று அச்சடித்திருந்தது. "மட்டம்னு அவங்களே ஒத்துக்கிறாங்க. எம்பொண்ணுக்கு எதுக்கு மட்டமான ஸ்பூன்? அதான் கடையில இருந்ததுலயே நல்லதாப் பாத்து வாங்கினேன்."

பெஞ்சிலிருந்து, கைக்குழந்தைகள் திடுக்கிட்டு அழுகிற அளவுக்கு ஒரு சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. அந்த டப்பா அடுப்படி மேடையில் தினமும் என் கண்ணெதிரில்தான் இருந்தது, ஒருநாளும் படித்ததில்லை. அக்காவும் ஆபீஸ் களைப்பில், கைக்குக் கிடைத்த எவர்சில்வர் ஸ்பூனிலேயே கலக்கியிருக்கிறாள்.

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மோசமான ஸ்பூன்னு அர்த்தமில்லைங்க. மட்டமா, சமமா எடுக்கணும். தலைதட்டி."

அந்த வார்த்தையைக் கேட்டதும் மாமாவின் மூஞ்சி தொங்கிப்போனது. "இருபது வருஷமா ஒருத்தருக்கும் நான் தலைதட்டி அளந்ததில்ல சிஸ்டர். எம்பொண்ணுக்கா தலைதட்டச் சொல்றீங்க?"

"ஆமா. பவுடர் கூடிப்போனா இந்தச் சின்ன உடம்புக்குத் தண்ணி பத்தாது. அதான் வயிறு கட்டுது. நீங்க பசின்னு நினைச்சீங்க. அது தாகத்துல அழுதிருக்கு." டப்பாவை மூடி அவர் கையில் கொடுத்தார். "சர்க்கரைத் தண்ணி, தேன், ஒண்ணும் வேண்டாம். தண்ணியையும் நீங்களாக் கூட்டிக் குறைக்காதீங்க. புது டப்பா பிரிச்சு அதுல இருக்கிற ஸ்பூனால, போட்டிருக்கிற அளவுல குடுங்க. திங்கக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா டாக்டர்கிட்ட காட்டணும்."

வீடு திரும்பும் வழியில், தெருமுனையில் மாமா, "தாகத்துக்கா அழுதுச்சு?" என்று கேட்டார். என்னைக் கேட்டமாதிரி இல்லை. நான் கேலிக்கு ஒன்று தயாராக வைத்திருந்தேன், விழுங்கிவிட்டேன்.

அன்று மத்தியானம் புது டப்பாவைப் பிரித்து, கத்தியின் முதுகால் முதல் ஸ்பூனை வழித்தார். வழித்த பவுடர் டப்பாவுக்குள் விழுந்தபோது பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்கிய மாதிரி ஒரு முகம். சட்டென்று திரும்பி, தொட்டிலில் கிடந்த முந்திரியின் தலையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். "மன்னிச்சுக்கம்மா." இரண்டாவது ஸ்பூன், வழிப்பு, தலையில் ஒரு தட்டு. நாலு ஸ்பூனுக்கு நாலு மன்னிப்பு. ஒவ்வொரு தடவையும் கையைக் கழுவிவிட்டுத் தொடர்ந்தார், பால் கலக்கவே கால் மணி நேரம். அம்மா கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளி போனது. சனி போனது. அழுகை குறைந்திருந்தது, ஆனால் போகவேண்டியது போகவில்லை. சனிக்கிழமை மாமா கடலை விற்கப் போகவே இல்லை. எங்கள் தெருவிலிருந்து படத்துக்குப் போனவர்கள் பாதியில் எழுந்து வந்துவிட்டதாகக் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது, அடுப்படியில் இருந்த என் காதில் மாமாவின் குரல் விழுந்தது. "அத்தை, கொஞ்சம் வந்து பாருங்க." போய்ப் பார்த்தால் விரித்த துணியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்கிறார். வேறு யாராவது அப்படி நின்றால் பட்டமளிப்பு விழா என்று நினைக்கலாம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"மஞ்சளா, மெத்துனு போயிருக்கு" என்றாள். உள்ளே போய்த் தன் பையைத் திறந்து, குழந்தையின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திருப்பி வைத்தாள். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அக்காவும் அழுதாள். நானும்தான், எதற்கு மறைக்கவேண்டும்.

"கிளம்புறதுக்கு முன்னால ஒரு தடவை நான் கலக்கிக் குடுக்கிறேன் மாப்பிள்ளை" என்று அம்மா ஸ்பூனைக் கையில் எடுத்தாள். ஒரு ஸ்பூன், கத்தியால் வழித்தாள், புட்டியில் போட்டாள். பிறகு தொட்டில் பக்கம் எட்டி முந்திரியின் தலையில் ஒரு தட்டு. கையைக் கழுவினாள். இரண்டாவது ஸ்பூன், மறுபடி ஒரு தட்டு.

"அம்மா, தலையை எதுக்குத் தட்டுற?" என்றேன்.

"நர்ஸ் தலைதட்டிப் போடச் சொன்னாங்களாமே. மாப்பிள்ளை ஒரு தடவைகூட விடாம செய்யறார், பாத்துட்டுத்தானே இருக்கேன். சும்மா சொல்லக்கூடாது, குணமாயிடுச்சு."

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் மாமா இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

நாலாவது ஸ்பூன் போட்டு, நாலாவது தட்டும் தட்டியாயிற்று. முந்திரி புட்டியைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு பொக்கைவாயைத் திறந்து சிரித்தது. அம்மா கையில் ஸ்பூனோடு யோசித்தாள்.

"இன்னொண்ணு கேக்குது மாப்பிள்ளை. அளவு தப்பிடுமா?"

"ஸ்பூன் நாலோட நிறுத்திடுங்க அத்தை," என்றார் மாமா. "தலைக்கு மட்டும் குவிச்சே போடலாம்."