நூற்றுப் பதினெட்டாவது வட்டம்

"முப்பத்தொண்ணு, இடது முழங்கை, சீழ். முப்பத்திரெண்டு, அதுக்கு ஒரு விரக்கடை கீழே, சீழ்."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, 'கணக்கு சிஸ்டர்' என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் சொல்லச் சொல்ல, இந்தப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்து நான் எழுதிக்கொள்கிறேன். தனிமை வார்டுக்குள் போன தாள் வெளியே வரக் கூடாது. ஆகவே நோயாளியின் உடல் வரைபடம் எப்போதும் இரண்டு: ஒன்று உள்ளே சிஸ்டர் கையில், மற்றொன்று பதிவறைக்காரனான என் மடியில். சுவரில் பதித்த ஒலிபெருக்கி வழியாகத்தான் பேச்சு. காலை ஆறே காலுக்குத் தொடங்குவார். ஆறு பதினாறுக்குத் தொடங்கிய நாள் ஒன்றுகூட என் குறிப்பில் இல்லை.

சிஸ்டருக்கு வயது ஐம்பத்திரண்டு. குள்ளம். மூக்குக் கண்ணாடி வழுக்காமலிருக்க எலாஸ்டிக் நாடாவால் பின்மண்டையில் கட்டியிருப்பார். 'சுமாராக' என்ற சொல் அவருக்கு ஆகாது. யாராவது கொப்புளம் சுமார் நூறு இருக்கும் என்று சொல்லிவிட்டால், "நீ பார்த்தது நூறா, தொண்ணூத்தொம்பதா?" என்று பிடித்துக்கொள்வார். கணவரையும் விட்டுவைப்பதில்லை. "எங்க வீட்டுக்காரருக்கு எத்தனை பல் மிச்சம்னு அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும்" என்பார். எத்தனை என்று கேட்டால் சொல்ல மாட்டார். அது குடும்ப விஷயமாம்.

குரங்கம்மை நோயாளி வந்தால் அவருடைய நான்கு பேனாக்களும் வெளியே வரும். சிவந்த புள்ளிக்குச் சிவப்பு, நீர் கோத்தால் நீலம், சீழ் பிடித்தால் பச்சை, காய்ந்து பொருக்குத் தட்டினால் கறுப்பு வட்டம். பொருக்கு தானாக உதிர்ந்த பிறகே வட்டத்தை நிரப்பி மூடுவார். உதிர்ந்தது எங்கே கிடந்தது என்று எழுத ஒரு பத்தியும் போட்டிருந்தார்: தலையணை, துண்டு, குளியலறை. விழுந்த பொருக்குக்கு விலாசம் எதற்கு என்று சின்ன டாக்டர் ஒருமுறை கேட்டார். "ஆள் செத்துட்டாரு, எங்கேன்னு தெரியலைன்னு எழுதினா நீங்க கையெழுத்துப் போடுவீங்களா டாக்டர்?" என்றார். அந்தப் பத்தி நிலைத்துவிட்டது.

டைல்ஸ் பதிக்கும் தொழிலாளி ஒருவர் ஐந்து நாள் காய்ச்சலோடும் முதுகுவலியோடும் வந்து சேர்ந்தபோது, வெளிநோயாளி சீட்டில் சின்னம்மை என்றே எழுதியிருந்தது. சிஸ்டர் அவருடைய இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். கழுத்தில் நெறி கட்டியிருந்ததைத் தொட்டுப் பார்த்தார். "சின்னம்மைன்னா புதுசும் பழசும் கலந்து கிடக்கும். இதெல்லாம் ஒரே வயசுப் புள்ளைங்க" என்று சொல்லித் தனி அறைக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் வந்த பரிசோதனை முடிவு அவர் சொன்னதையே சொன்னது.

டைல்ஸ்காரருக்கென்று தனி மருந்து எதுவும் கொடுக்கவில்லை. காய்ச்சலுக்கும் வலிக்கும் மாத்திரை, வாய்ப்புண்ணுக்கு உப்புநீர், நிறையத் தண்ணீர், புண்ணைச் சுத்தமாக வைத்திருத்தல். ஆறாம் நாள் எண்ணிக்கை நூற்றுப் பதினெட்டில் நின்றது. அதில் ஒன்பதாம் எண் வலது இமை விளிம்பில் இருந்தது. பார்வைக்கே ஆபத்தாகலாம் என்று கண் மருத்துவர் பயந்தார். அவர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தைப் பன்னிரண்டு நாள் ஒரு வேளைகூடத் தவறாமல் சிஸ்டர் விட்டார். பதினெட்டாம் நாள் அந்தக் கண் சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் படித்தது. சிஸ்டர் உள்ளிருந்து எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

இதற்கு நடுவே, பதினைந்தாம் நாள், டைல்ஸ்காரருக்குப் பெண் பிறந்தது. மனைவி இரண்டு மாதமாகத் தாய்வீட்டில் இருந்ததால் அவருக்கு நோய் தொற்றவில்லை. குழந்தையை டைல்ஸ்காரர் போனில்தான் பார்த்தார். அன்றிலிருந்து அவர் வாயில் ஒரே கேள்வி: எப்போது விடுவீர்கள்?

இருபத்துநான்காம் நாள் விடுவிப்புத் தாளில் டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மச்சான் வேனோடு கீழே காத்திருந்தார். நூற்றுப் பதினெட்டு வட்டமும் மூடியிருந்தது. முந்தின நாள் சிஸ்டருக்கு விடுமுறை. மாற்றுப் பணிக்கு வந்தவர் வலது குதிகால் வழவழப்பாக இருப்பதைப் பார்த்துக் கடைசி வட்டத்தை மூடி, கிடந்த இடம் என்ற பத்தியைக் காலியாக விட்டிருந்தார். காரணம் கேட்காமல் நானும் காலியாகவே விட்டிருந்தேன்.

"நூத்திப் பதினெட்டு எங்கே கிடந்துச்சு தம்பி?"

டைல்ஸ்காரர் சட்டைப் பொத்தானைப் போடுவதில் மும்முரமானார். குளிக்கும்போது தண்ணீரோடு போயிருக்கும் என்றார். சிஸ்டர் அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, காலைத் தூக்கி டார்ச் அடித்தார். காய்ப்புக் காய்த்த தோலுக்கு அடியில், உடைத்த பருப்பளவில் ஒரு பழுப்பு வட்டம்.

பிறகு உண்மை வந்தது. குளியலறைச் சுவரில் ஒரு டைலின் விளிம்பு சொரசொரப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. பதித்தவனுக்குக் கை விளங்கவில்லை என்று முதல் நாளே திட்டியவர் இவர். அதே விளிம்பில் இரண்டு நாள் குதிகாலைத் தேய்த்திருக்கிறார். தொழில் தெரிந்த கையல்லவா, பாலிஷ் போட்டதுபோல் வந்திருந்தது.

"ஒரே ஒரு புள்ளி சிஸ்டர். நூத்திப் பதினேழு போயிடுச்சுல்ல?"

"உன் பொண்ணுக்கு வயசு ஒம்பது நாள். அவளுக்குத் தொத்த இந்த ஒண்ணு போதும்." டார்ச்சை அணைத்தார். "நீ போட்ட தரையில ஒரு டைல் ஆடுது. மத்ததெல்லாம் சரியா இருக்குன்னு விட்டுட்டுக் கிளம்பிடுவியா?"

டைல்ஸ்காரர் சட்டையைக் கழற்றினார். வேன் காலியாகத் திரும்பியது. டாக்டர் தம் கையெழுத்தைத் தாமே அடித்துவிட்டு, அடித்த நேரத்தையும் எழுதினார். உள்ளே சிஸ்டரும் வெளியே நானும் மூடிய நூற்றுப் பதினெட்டை அடித்து, பக்கத்தில் மூடாத வட்டம் ஒன்றைப் போட்டோம்.

அடுத்த ஐந்து நாளும் டைல்ஸ்காரர் வலது காலில் காலுறை போட்டுக்கொண்டே படுத்தார். பொருக்கு விலாசமில்லாமல் போய்விடக் கூடாதாம். இருபத்தொன்பதாம் நாள் காலை ஆறே காலுக்கு ஒலிபெருக்கியில் வந்த குரல் வார்டு முழுவதும் கேட்டது.

"நூத்திப் பதினெட்டு. வலது குதிகால். உதிர்ந்தாச்சு. கிடந்த இடம், காலுறை."

இரண்டு தாளிலும் ஒரே நேரத்தில் வட்டம் மூடியது. பக்கத்து அறை நோயாளி கண்ணாடியைத் தட்டித் தட்டி ஆரவாரம் செய்தார். அவரிடம் இன்னும் அறுபத்திரண்டு பாக்கி. அந்த ஆண்டில் எங்கள் வார்டுக்குக் குரங்கம்மையோடு வந்தவர்கள் ஏழு பேர்; ஏழு பேரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். டைல்ஸ்காரர் நான்காமவர். கன்னத்தில் மூன்று தழும்பு, கண் தெளிவு, வீட்டில் தாய்க்கும் சேய்க்கும் ஒரு காய்ச்சல்கூட இல்லை.

டாக்டர் வந்து பார்த்து மறுபடி கையெழுத்திட்டார். பத்து நாற்பதுக்கு டைல்ஸ்காரர் குளித்து, புதுச் சட்டையோடு வராந்தாவுக்கு வந்தார். பாதுகாப்பு உடையைக் களைந்து, கையை முழங்கைவரை கழுவிவிட்டு சிஸ்டரும் வெளியே வந்தார்.

"செருப்பைக் கழட்டு தம்பி."

நான் எழுந்துகொண்டேன். டைல்ஸ்காரர் வலது காலை என் முக்காலியின் மேல் வைத்து, குதிகாலைத் திருப்பிக் காட்டினார். சிஸ்டர் குனிந்து, கையுறை இல்லாத கட்டைவிரலால் அந்த இளஞ்சிவப்புத் தோலை ஒருமுறை அழுத்தினார்.