கலியாணக் கேக்கும் பெற்றோல் ஹோஸும்

மச்சாளின் ஓட்டோவுக்குத் தண்ணீர் ரியூப்பை மாட்டலாம் என்று சொன்னது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மச்சாள் என் கணவரின் தங்கை. மன்னார்ப் பட்டினத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அவள் ஓட்டோ ஓட்டுகிறாள், நான் வீட்டில் கேக் செய்து விற்கிறேன். அந்தக் கிழமை ஓட்டோவின் பெற்றோல் ஹோஸ் வெடித்துச் சொட்டத் தொடங்கியிருந்தது. தொட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கறுப்பு ரப்பர் குழாய் அது. ஒரு முழம்கூட இராது. என் குசினியில் தண்ணீர் வடிகட்டிக்கு வாங்கிய ரியூப்பில் ஒரு துண்டு மிச்சம் கிடந்தது. கண்ணாடி போல உள்ளே எல்லாம் தெரியும். இரண்டு பேரும் குனிந்து நின்று அதை மாட்டினோம். பெற்றோல் ஓடுவது வெளியே தெரிந்ததும் கைதட்டினோம்.

அதற்கு மூன்றாம் நாள் கொண்டச்சியில் ஒரு முஸ்லிம் வீட்டுக் கலியாணம். எனக்குக் கிடைத்த முதலாவது கலியாணக் கேக். மூன்று தட்டு. வழக்கமாகச் சேர்க்கும் பிராண்டியை விட்டுவிட்டு, பேரீச்சம்பழத்தைத் தோடம்பழச் சாற்றில் ஊறவைத்துச் செய்திருந்தேன். மூன்று பெட்டிகளையும் நூலால் கட்டி, பின்சீற்றில் எனக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலையிலேயே புறப்பட்டோம்.

அரிப்புக் கிராமத்தைத் தாண்டியதும் பெற்றோல் மணம் மூக்கில் ஏறியது. சற்று நேரத்தில் எஞ்சின் இருமியது, நின்றது. நான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஓர் உடை முள்மரத்தின் கீழ் வைத்தேன். மச்சாள் பெற்றோல் திருகியை மூடிவிட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். எங்கள் ரியூப் அவித்த மக்கரோனி போல ஊதி, குழாய் வாயிலிருந்து கழன்று தொங்கியது.

மச்சாள் ரியூப்பையும் பார்த்தாள், கேக்கையும் பார்த்தாள்.

"பிராண்டி கூடாதெண்டு விட்டனி. இப்ப பெற்றோல் ஊத்திக் குடுக்கப் போறம்."

அழவேண்டிய இடம் அது. எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. நடு வெயிலில் தெருவோரம் குந்தியிருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நிறுத்தலாம் என்று நினைக்கும்போது எங்களில் ஒருத்தி அந்த மக்கரோனியைத் தூக்கிக் காட்டுவாள்.

மச்சாள் கேக்குக்குக் காவல் இருப்பது, நான் அடுத்த ஊரான சிலாவத்துறைக்குப் போய்ப் புது ஹோஸ் வாங்கி வருவது என்று முடிவு செய்தோம். ஊதிப்போன துண்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்த பஸ்ஸில் ஏறினேன்.

உதிரிப்பாகக் கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். நான் நீட்டிய துண்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"தங்கச்சி, இத வெச்சு அளக்க ஏலாது. இது பெற்றோலக் குடிச்சு ஊதிப் பெயித்து. ஹோஸ் மாட்டுற இரும்பு வாய்ட அளவு வேணும்."

அந்த இரும்பு வாயோ அரிப்பு வீதியில் நிற்கிறது. மச்சாளுக்குப் போன் எடுத்தேன். காலையில் அவள் ஏற்றி இறக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் ஒன்று விட்டுவிட்டுப்போன அடிமட்டம் சீற்றின் கீழே கிடப்பதாகச் சொன்னாள். கேக் பெட்டியின் நூலை அவிழ்த்துக் குழாய் வாயை ஒரு சுற்றுச் சுற்றி, அந்த நூலை அளக்கச் சொன்னார் கடைக்காரர். போனில் நீண்ட நேரம் ஆடுகள் கத்தும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மச்சாளின் குரல் வந்தது. இரண்டரை சென்ரிமீற்றர்.

கடைக்காரர் மட்டையொன்றில் எழுதி, மூன்றே சொச்சத்தால் பிரித்து, எட்டு மில்லிமீற்றர் என்று கண்டுபிடித்தார். பள்ளிக்கூடத்தில் படித்த வட்டக் கணக்கு வாழ்க்கையில் இன்றைக்குத்தான் உதவியிருக்கிறது என்று அவர் சொன்னபோது, சோதனையில் பாசானவரைப் போல முகம் மலர்ந்திருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பிறகு மூன்று சுருளை எடுத்து மேசையில் வைத்தார். மூன்றும் கறுப்பு. ஒன்று தண்ணீருக்கு, ஒன்று காற்றுக்கு, ஒன்று பெற்றோலுக்கு. எது எதுவென்று என்னையே கேட்டார். நான் பிழையாகத் தொட்டேன். பெற்றோல் ஹோஸை வெட்டிய முனையில் காட்டினார். ரப்பருக்கு நடுவே நூல் பின்னல் ஓடியது. வெளியே எழுத்தும் இருந்தது. தண்ணீர் ரப்பரைப் பெற்றோல் ஊறவைத்துக் கெடுத்துவிடுமாம். அளவு சிறிதென்றால் இழுத்து மாட்டும்போது கிழியும், பெரிதென்றால் கழன்றுவிடும். விறைத்து நிற்காதபடி இரண்டு விரல் நீளம் கூட்டி, முனையை நேராக வெட்டி, இரண்டு புதுக் கிளிப்பும் தந்தார்.

மன்னாருக்குப் போன மீன் லொறியொன்று என்னை ஏற்றி வந்தது. மச்சாள் குடையைக் கேக்குக்குப் பிடித்தபடி, தான் வெயிலில் நின்றாள். சுற்றிவர ஆடுகள்.

புது ஹோஸ் இறுக்கமாக ஏறியது. கிளிப்பைப் பூட்டித் திருகியைத் திறந்தோம். பழைய கடதாசியால் இரண்டு முனையையும் துடைத்துப் பார்த்தோம். காய்ந்திருந்தது. எஞ்சினை ஓடவிட்டு மறுபடியும் துடைத்தோம். அப்போதும் ஈரமில்லை. மச்சாள் அந்தக் கடதாசியை எனக்கு முன்னால் விசிறி போல ஆட்டினாள்.

கலியாண வீட்டில் பெட்டிகளைத் திறக்கும்போது பெற்றோல் மணம் வருகிறதா என்று நான் மூக்கை விரித்தேன். மணப்பெண்ணின் தாய் குனிந்து மணந்து பார்த்தார்.

"சாதிக்காய் போட்டிருக்கியளா? நல்ல வாசம்."

ஓம் என்றேன். மச்சாள் உடனே கூரையைப் பார்க்கத் தொடங்கினாள்.

எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. சவுக்காரம் போட்டும் தேசிக்காய் தேய்த்தும் கையைக் கழுவிவிட்டு, இன்னும் நான்கு பெண்களோடு சஹன் எனும் ஒரு பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி அமர்ந்தோம். சோற்றைக் கிண்டியபடி ஒருத்தி, ஏன் இவ்வளவு நேரம் பிந்தினீர்கள் என்று கேட்டாள். மச்சாள் என்னைப் பார்த்தாள். சொல்லு என்றேன். அவள் நூலையும் ஆடுகளையும் நடித்தே காட்டினாள். எங்களுக்கு நேரே இருந்த பெண்ணுக்குப் புரையேறிவிட்டது. இன்னொருத்தி அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, தானும் சிரிப்பை அடக்க முடியாமல், அடுத்தது என்ன நடந்தது என்று கேட்டாள்.