ஜோடியாகப் போன கல்யாணம்

காப்பாரில் கோழிப்பண்ணை வைத்திருந்த பழனியப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் சீதாலெட்சுமிக்குக் கோழிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதுவரை சுங்கைவே பக்கம் ஒரு ரேடியோ ஃபேக்டரியில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தவள். வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வெயில் ஏறினால் தகரக் கூரைக்குக் கீழே கோழிகளுக்கு மூச்சு முட்டும். உடனே மின்சாரக் காத்தாடிகளைப் போட வேண்டும். மழை வந்தால் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிப்போகும். காப்பார் வானமோ நினைத்த நேரத்தில் முகத்தை மாற்றிக்கொள்ளும். பகலில் யாராவது ஒருவர் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே கிடக்கத்தான் வேண்டும்.

அதனால் கல்யாணம், காதுகுத்து எதற்கும் இருவரும் சேர்ந்து போனதே கிடையாது. இவள் போனால் அவர் வீட்டில், அவர் போனால் இவள். "ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையோ?" என்று கிள்ளான் சொந்தக்காரர்கள் ஜாடையாகக் கேட்க ஆரம்பித்தார்கள். பழனியப்பன் சிரித்து மழுப்பினார். சீதாலெட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எண்பத்தெட்டாம் வருடம், பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் பழனியப்பனின் தங்கை வீரம்மா, தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தாள். தட்டை நீட்டும்போதே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அண்ணே, நீங்க தாய்மாமன். அண்ணியோட மேடையில நிக்கணும். ஒத்தையா வந்தா நான் பேசமாட்டேன்லா."

அவள் போனதும் பழனியப்பன் தலையைச் சொறிந்தார். "கோழிய யாரு பாக்குறது?"

"காத்தாடியே பாத்துக்கட்டும்" என்றாள் சீதாலெட்சுமி.

"அதுக்குக் கண்ணா இருக்கு?"

"கண்ணு எதுக்குங்க? சூடு தெரிஞ்சா போதாதா?"

மறுநாளே பஸ் ஏறி, ரேடியோ சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் ஜாலான் பாசாருக்குப் போனாள். அங்கே கடை வைத்திருந்த சீனத் தவுக்கே ஒருவர் மூன்று கால் வைத்த ஒரு குட்டி சென்சரை எடுத்துக் கொடுத்தார். சூடு ஏற ஏற அதிலிருந்து வரும் வோல்டேஜும் ஏறும், டிகிரிக்குப் பத்து மில்லிவோல்ட். ஒரு குமிழைத் திருகி எல்லை வைத்துவிட்டால், வோல்டேஜ் அதைத் தாண்டியதும் ரிலே என்ற குட்டி சுவிட்ச் தானாகத் தட்டிக் காத்தாடியைப் போட்டுவிடும்.

வீட்டுக்கு வந்து, பலகையில் எல்லாவற்றையும் பற்றவைத்து, சென்சரைச் சூடான மைலோ கிளாஸில் ஒட்டிவைத்தாள். டக்! காத்தாடி சுழன்றது. கிளாஸை நகர்த்தினாள். சற்றுப் பொறுத்து நின்றது. பழனியப்பன் ஓடிவந்து, "இரு, இரு, நான் செய்யறேன்" என்று கிளாஸைப் பிடுங்கிக்கொண்டார். மைலோ ஆறும்வரை அந்த விளையாட்டுதான்.

ஆனால் மறுநாள் கொட்டகையில் மானம் போயிற்று. வெயில் ஏறியதும் காத்தாடி ஓடியது; அதன் காற்று பட்டுச் சென்சர் குளிர்ந்ததும் நின்றது; நின்றதும் மறுபடி ஓடியது. டக், டக், டக், டக். கோழிகள் மிரண்டு மூலைக்கு மூலை பறந்தன. பழனியப்பன் பாய்ந்து சுவிட்சை அணைத்தார்.

"வெயில்ல சாகாத கோழி இதுல மாரடைப்பு வந்து செத்துரும், சீத்தா!"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மறுபடியும் ஜாலான் பாசார். கதையைக் கேட்ட தவுக்கே மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு ஒரே ஒரு ரெசிஸ்டரை எடுத்து, வெளியே போகும் கம்பியிலிருந்து உள்ளே திருப்பி மாட்டச் சொன்னார். அதை மாட்டினால் போடுவதற்கு ஒரு எல்லை, நிறுத்துவதற்கு வேறு எல்லை. அன்றிலிருந்து முப்பத்தொரு டிகிரியில் ஓடத் தொடங்கினால், இருபத்தெட்டுக்கு இறங்கும்வரை காத்தாடி அசராமல் ஓடியது. சென்சரைக் காற்று நேராகப் படாத இடத்தில், கோழியின் உயரத்துக்கு இறக்கிக் கட்டினாள். ஒரு வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். பிசகவில்லை.

கல்யாணத்தன்று கனகாம்பர நிறப் பட்டுடுத்தி, பழனியப்பனோடு மண்டபத்துக்குள் நுழைந்தாள். கூட்டத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் நின்றபோதும் பழனியப்பனின் கண் ஜன்னல் வெயிலிலேயே இருந்தது. தாங்க முடியாமல் பொதுத் தொலைபேசிக்கு ஓடினார். கொட்டகைக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் கன்னையாதான் எடுத்தார்.

"ஓடுதுண்ணே, ஜோரா ஓடுது. நீங்க போய்ச் சாப்பிடுங்க."

தாலி கட்டும் நேரம் நெருங்கியபோது வானம் கறுத்தது. மறுபடி ஓடினார். இந்தத் தடவை கன்னையா கத்தியது ரிசீவருக்கு வெளியேயும் கேட்டது.

"இங்க நல்ல மழை! தானா நின்னுருச்சுண்ணே! யாரும் தொடவே இல்ல!"

பழனியப்பன் திரும்பி வந்தது நடையாகவே இல்லை. "நின்னுருச்சு! நின்னுருச்சு!" என்று அவர் கூவியதைக் கேட்டுக் கல்யாணம்தான் நின்றுவிட்டதோ என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்கள். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் வீரம்மாவுக்கு வியர்த்துவிட்டது. சீதாலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் பழனியப்பன் மெதுவாக அவள் பக்கம் வந்து நின்றார். "ஒரு படம் பாத்துட்டுப் போலாமா, சீத்தா?"

"பகல்லயா?"

"பகல்லதான்."

அந்த வருடம் கிள்ளானிலிருந்து ரவாங் வரை அவர்கள் ஜோடியாகப் போகாத விசேஷம் இல்லை. அழைக்காத வீட்டுக்கும் அண்ணன் போய்வந்தார் என்று வீரம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.