ஃபைட்டருக்குத் துணை

கொல்கத்தாவின் பவானிபூரில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் ஜெயப்ரியா டெக்னீஷியன். கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். வேலைக்காகக் கொல்கத்தா வந்து ஹாஸ்டலில் தங்கிய பிறகு, தமிழ் என்பது அம்மாவோடு போனில் பேசுவது மட்டும் என்றாகிவிட்டது. சென்டரில் எல்லாருக்கும் அவள் ஜெயாதி, வங்காளத்தில் ஜெயா அக்கா.

துரைசாமி அங்கே வந்தபோது, தமிழில் பேச ஒரு ஆள் கிடைத்தார் என்று சந்தோஷப்பட்டாள். அவரும் கரக்பூர்க்காரர்தான், ரயில்வே பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் பழுதாகி, வைத்தியத்துக்காக மனைவி நீலாவதியோடு பவானிபூரில் வாடகைக்கு வந்திருந்தார். ஆனால் மனுஷர் பேசவே மாட்டார். ஊசி குத்தக் கையை நீட்டுவார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

"இன்னைக்கும் வரமாட்டேன்னு ஒரே பிடிவாதம்மா. கெஞ்சிக் கூட்டியாந்தேன்" என்பார் நீலாவதி.

சென்டரின் காத்திருக்கும் அறையில் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி உண்டு. அதில் நீல நிறத்தில் ஒரே ஒரு பெட்டா மீன். கடைகளில் ஃபைட்டர் என்று விற்பார்களே, அதுதான். தண்ணீர் மாற்றுவதையும் தீனி போடுவதையும் யாரும் சொல்லாமலே ஜெயப்ரியா செய்துவந்தாள். ஒருநாள் அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது துரைசாமி தானாக வாய் திறந்தார்.

"இதுக்குத் துணைக்கு ஒண்ணும் இல்லியா?"

"இல்ல அங்கிள். கூட எதைப் போட்டாலும் சண்டை போடும்னு சொல்றாங்க."

"பழகினா எல்லாம் சரியாப் போயிடும்."

அடுத்த முறை வரும்போது ஒரு பையில் கப்பி மீன்கள் வாங்கி வந்தார். ஆரஞ்சு வால், விசிறி மாதிரி. அவர் முகத்தில் இருந்த ஆவலைப் பார்த்து ஜெயப்ரியாவுக்கு மறுக்க மனம் வரவில்லை. தொட்டியில் விட்ட கொஞ்ச நேரத்தில் ஃபைட்டர் செவுளை விரித்துக்கொண்டு பாய்ந்தது. உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாரும் பார்க்க, ஒரு கப்பியின் வால் கிழிந்து அது செத்துப்போனது. மற்றவற்றை அவள் அவசரமாக வாளிக்கு மாற்றினாள்.

அதற்கு அடுத்த முறை துரைசாமி வரவில்லை. டயாலிசிஸைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று ஜெயப்ரியாவுக்குத் தெரியும். போன் செய்தாள்.

"கால் வீங்கிப் போச்சு, மூச்சு வாங்குது. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போறதுன்றாரு" என்று அழுதார் நீலாவதி.

"அவர்கிட்ட குடுங்க ஆன்ட்டி."

அவர் போனை வாங்கினார்.

"அங்கிள், போட வேண்டாம்னு நான்தான் சொல்லிருக்கணும். மிச்ச கப்பி நல்லாருக்கு, வாளியில இருக்கு. நீங்க இப்பவே கிளம்பி வாங்க, மெஷின் தயாரா வைக்கிறேன். ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் போவோம். எது ஒத்துப்போகும்னு கேட்டு வாங்குவோம்."

அவர் வந்தார்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அந்த ஞாயிறு மூவரும் மெட்ரோவில் ஷியாம்பஜார் போய், அங்கிருந்து கேலிஃப் ஸ்ட்ரீட் மீன் சந்தைக்கு ஆட்டோ பிடித்தார்கள். கொல்கத்தா வந்ததிலிருந்து வீடும் சென்டரும் தவிர வேறெங்கும் போகாத மனுஷர், வரிசையாகத் தொங்கிய மீன் பைகளுக்கு முன்னால் நின்று நின்று பார்த்தார்.

கடைக்காரப் பெண் வங்காளத்தில் விசாரித்தாள். தொட்டி எவ்வளவு பெரியது, தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்கிறது, ஒளிந்துகொள்ளச் செடி இருக்கிறதா.

"நீள வால் வேண்டாம், பளிச்சென்ற நிறமும் வேண்டாம். இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துச் சண்டைக்குப் போகும். பார்ப் மீனும் வேண்டாம், அது இவன் வாலைக் கடிக்கும். இவன் மேலே திரிகிறவன். அடியில் இருக்கிற சாதுவான மீனாகப் பாருங்கள்."

அவள் காட்டியது பிக்மி கோரி. விரல் நுனி அளவு, சாம்பல் நிறம். கூட்டமாகத்தான் இருக்கும் என்பதால் ஒரு சின்னக் கூட்டமும், கோடு போட்ட நத்தை ஒன்றும் வாங்கினார்கள். கையோடு கொண்டுபோயிருந்த மிச்சக் கப்பிகளைக் கடைக்காரப் பெண்ணே வாங்கிக்கொண்டாள்.

"ஃபைட்டரை வெளியே எடுத்துவிட்டு, கல்லையும் செடியையும் இடம் மாற்றி வையுங்கள். புதியவை முதலில் போகட்டும். அவன் கடைசியில் போனால் தன் இடம் என்று பாத்தியதை கொண்டாடமாட்டான். அப்படியும் சேராவிட்டால் பிரித்துவிடுங்கள்."

சென்டரில் துரைசாமி செடிகளைத் தன் கையாலேயே இடம் மாற்றி நட்டார். கடைசியாக ஃபைட்டரை விட்டார்கள். அது நத்தையைச் சுற்றி வந்தது, கோரிகளைப் பார்த்து ஒருமுறை செவுளை விரித்தது. அவை மணலைக் கிளறிக்கொண்டே இருந்தன. பிறகு அது மேலே போய்விட்டது.

"விட்டுடுச்சு" என்றார் துரைசாமி. கண் கலங்கியிருந்தது.

அதன் பிறகு அவர் ஒரு நாளும் டயாலிசிஸைத் தவறவிடவில்லை. கெஞ்ச வேண்டியிருக்கவில்லை, சீக்கிரமே வந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வார். ஊசி குத்தும்போது ஜெயப்ரியாவிடம் பட்டறைக் கதைகள் சொல்வார்.

துர்கா பூஜைக்கு ஊரே கோலாகலமாக இருந்தது. டயாலிசிஸுக்கு லீவு கிடையாது, ஜெயப்ரியாவால் கரக்பூர் போக முடியவில்லை. நீலாவதி அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார். புளிக்குழம்பும் அப்பளமும் இலையில் விழுந்தபோது அவளுக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது.

"நீ அன்னைக்குப் போன் பண்ணலேன்னா இவரு இன்னைக்கு இங்க உக்காந்திருக்க மாட்டாரு கண்ணு" என்றார் நீலாவதி.

"அப்படிச் சொல்லாதீங்க ஆன்ட்டி. இந்த ஊர்ல என்கிட்ட தமிழ்ல பேச யாரு இருந்தா? அங்கிள் வந்த அப்புறம்தான் எனக்கு வேலைக்குப் போகவே பிடிச்சிருக்கு."

துரைசாமி அவள் இலையைப் பார்த்தார்.

"பேசிக்கிட்டே இருக்கு பொண்ணு. இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றார்.