அம்மாவும் உட்கார்ந்த பந்தி

நல்லெண்ணெயில் புளி கொதித்துச் சுண்டும்போது எழும் வாசனைக்கு, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் இரும்பு நெடியைக்கூடக் கொஞ்ச நேரம் வாசலுக்கு வெளியே நிறுத்திவைக்கும் பலம் உண்டு. நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடையில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் ஒற்றை அறை வீட்டில் அந்த வாசனை நிறைந்திருந்தது. அடுப்பின் முன்னால் அம்மா, சிரித்த முகமாக, ஏதோ திருட்டுத்தனம் செய்கிறவளைப் போல நின்றுகொண்டிருந்தாள்.

அப்பாவுக்குக் கம்பி உருட்டும் ஆலையில் ஷிப்டு வேலை. அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் சாமான் கம்பெனியில் பேக்கிங் வேலை. இருவருக்கும் ஒன்றாக லீவு கிடைக்கிற ஞாயிறு அபூர்வம். அப்படி ஒன்று கிடைத்தால் யாராவது விருந்துக்கு வந்துவிடுவார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுச் சிரித்து வெற்றிலை போடும்வரை அம்மா அடுப்படியில் வெந்துகொண்டிருப்பாள். கடைசியில் சட்டியில் ஒட்டியதை வழித்து, சுவரில் சாய்ந்து நின்றபடியே சாப்பிட்டு முடிப்பாள். வேலை நாளில் கம்பெனி கேன்டீனிலாவது உட்கார்ந்து சாப்பிடுகிறவள், லீவு நாளில் தன் வீட்டில் நின்றுகொண்டு சாப்பிட்டாள்.

அந்த வாரம் ஊத்துக்கோட்டையிலிருந்து அப்பாவின் அக்காவான அத்தையும் மாமாவும் வருவதாக இருந்தது. அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டாள்: "இந்த தபா நானும் உங்களோட குந்தித்தான் துன்னப் போறேன். எல்லாத்தையும் மின்னாடியே ஆக்கி வெச்சிடுவேன்."

அப்பா பயந்துபோனார். "எங்கக்கா வருதும்மே. சுடச்சுட வைக்கலன்னா ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியும்."

நான் வேறு, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகிறவன் என்கிற மிதப்பில், விருந்தினர் உண்டபின் மிஞ்சியதை உண்பதுதான் பெருமை என்று பாடத்தில் படித்ததை எடுத்துவிட்டேன். அம்மா கரண்டியை நிறுத்தாமல் சொன்னாள்: "இத எழுதனவரு ஊட்ல சோறாக்கினது யாருன்னு உங்க வாத்தியாராண்ட கேட்டுக்கினு வா."

ஆறிப்போனாலும் ருசிக்கும் சாப்பாடு எது என்பதில் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. விடிவதற்குள் "டப்பா" கட்டி, மத்தியானம் மூடி திறக்கிற பிழைப்பல்லவா. கூட வேலை செய்த ரோஸி அக்காவும் அவளும் கேன்டீனில் டப்பாவை மாற்றிச் சாப்பிடுவார்கள்; ரோஸி அக்கா எதை விரலைச் சூப்பிச் சாப்பிட்டதோ அது மட்டுமே ஞாயிற்றுக்கிழமைக்குத் தேறியது. புளிச்சோறு, வேர்க்கடலைத் துவையல், எண்ணெய் மிதக்கும் இறா தொக்கு, மோர்மிளகாய், உறையூற்றிவைத்த தயிர். பழவேற்காட்டு இறாவைச் சனிக்கிழமை மாலையே வதக்கி, எறும்பு ஏறாமலிருக்கச் சட்டியைத் தண்ணீர்த் தட்டில் உட்காரவைத்தாயிற்று. ஞாயிறு விடியலில் சோற்றை மட்டும் வடித்து, ஆறவிட்டு, புளிக்காய்ச்சலைப் போட்டுக் கிளறி, அன்னக்கூடையில் அழுத்தி, வாழையிலையால் மூடி, எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். எங்கள் வீட்டில் குளுமையான இடம் அது ஒன்றுதான். பிறகு அடுப்பைப் பளபளவென்று துடைத்து, குளித்து, கனகாம்பரம் வைத்து, முறத்தால் விசிறிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். அப்படியொரு ராணியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அத்தை ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியதுமே சமையல் வாசனை வருகிறதா என்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். உள்ளே போய் அடுப்பின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். அடுப்பு பற்றவைக்காத வீடென்றால் எங்கள் பக்கத்தில் ஒன்று சாவு விழுந்திருக்கவேண்டும், அல்லது புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய சண்டையாக இருக்கவேண்டும். அத்தை அம்மாவின் பூவைப் பார்த்தாள், அப்பாவின் வெளிறிய முகத்தைப் பார்த்தாள். சாவில்லை, சண்டைதான் என்று முடிவுகட்டிக்கொண்டு மாமாவிடம் கண்ஜாடை காட்டினாள். "வெத்தல வாங்கிக்கினு வரேன்" என்று போன மாமா, கை நிறையப் பிரியாணிப் பொட்டலங்களோடு வந்து நின்றார்.

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. "இன்னா அண்ணி இது? எங்க ஊட்ல சோறு இல்லன்னு நெனச்சிட்டியா?"

"நான் இன்னாத்த கண்டேன்? அடுப்பு சில்லுனு கெடக்குது. நீ சீவி சிங்காரிச்சு ஒக்காந்துகினு கீற. ஏழுமல பேயறஞ்ச மாதிரி நிக்கறான். தம்பி மானம் போவக்கூடாதுன்னு..."

அந்த நேரம் பார்த்து, அம்மா சாப்பிடக் கூப்பிட்டிருந்த ரோஸி அக்கா மாதா கோயில் பூசை முடிந்து உள்ளே நுழைந்தது. பொட்டலங்களைப் பார்த்தது, அம்மாவின் கண்ணில் கட்டிநின்ற தண்ணீரைப் பார்த்தது, குனிந்து, கட்டிலுக்கடியிலிருந்து அன்னக்கூடையை இழுத்து இலையைத் தூக்கியது. பெருங்காயமும் எண்ணெயும் கலந்த அந்த மணத்தில் மாமா பொட்டலங்களை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"அடிப்பாவி, சோத்தக் கட்லுக்கடில ஒளிச்சி வெச்சா எனக்கு எப்டிடீ தெரியும்?" என்று அத்தை கத்த, "நாத்தனாரு வராங்கன்னா எதையுமே ஒளிச்சித்தானே வெக்கணும்" என்று ரோஸி அக்கா போட்ட போட்டில், முதலில் வெடித்துச் சிரித்தது அத்தைதான்.

எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். இறா தொக்கை வாயில் வைத்த அத்தை, சட்டியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். அவளிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு. அப்போது மாமாவுக்கு விக்கல் எடுத்தது. அம்மா பழக்கதோஷத்தில் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். அத்தை இடக்கையால் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"குந்து மல்லிகா. தண்ணி குடம் எங்க கீதுன்னு ஆம்பளைங்களுக்கும் கண்ணு தெரியும். ஏழுமல, எழுந்து போய் மோந்துகினு வாடா."

அப்பா எழுந்தார். அம்மா உட்கார்ந்தாள். இன்னும் ஒரு பிடி தானே எடுத்துப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், நிதானமாக மென்றாள். தான் ஆக்கிய சோறு இப்படி ருசிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தவளைப் போல இருந்தது அவள் முகம். பிரியாணியைச் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து தீர்த்தோம்.

நாங்கள் குடியிருந்த அந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. ரோஸி அக்கா மகளோடு அத்திப்பட்டுக்குப் போய்விட்டது. எனக்கும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் வேலை. நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட்டால் முந்தின நாளே நானும் அம்மாவும் சமைத்து வைத்துவிடுகிறோம். போன மாதம் என் நண்பன் தன் அம்மாவையும் கூட்டிவந்தான். இலை போட்டதும் அந்த அம்மா அனிச்சையாகக் கரண்டியை எடுத்துக்கொண்டு, "நீங்கள்லாம் துன்னுங்க, நான் அப்பறம்" என்று சுவரோரமாகப் போய் நின்றார்கள்.

பழைய நாட்களில் காணாமல் போனவை என்று எழுத ஆரம்பித்தால் பலதுக்கும் எனக்கு வருத்தம் உண்டு. சுவரோரமாக நின்று சாப்பிடும் பெண் எங்கள் வீட்டிலிருந்து காணாமல் போனதில் மட்டும் துளி வருத்தமில்லை. என் அம்மா தன் பக்கத்தில் அவர்களுக்கு இடம் ஒதுக்கி, பாயைத் தட்டிக் காட்டினாள்.

"கரண்டியக் கீழ வெச்சிட்டு வாங்கக்கா. இந்த ஊட்ல யாரும் நின்னுகினு துன்றதில்ல."