சகலையின் காப்பிச் செடிகளும் என் பக்கத்து நூற்புழுவும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்முடிச் சாலையில் இருக்கும் எங்கள் காப்பித் தோட்டத்துக்குப் போய்வந்தேன். மலையழகை ரசிக்க அல்ல. என் சகலை மணியின் செடிகள் பச்சைப்பசேலென்று இருக்க, என்னுடையவை மட்டும் ஏன் மஞ்சளடித்து நிற்கின்றன என்று தெரிந்துகொள்ளத்தான். பொறாமைதான், வேறென்ன?

பழைய காப்பித் தோட்டம் ஒன்றை நாங்கள் சேர்ந்து வாங்கினோம். பங்கு பிரித்தபோது, மூத்தவர் முதலில் எடுக்கட்டும் என்றான் மணி. மம்பட்டி பொலபொலவென்று இறங்கும் மணற்பாங்கான பாதியை நான் எடுத்துக்கொண்டேன். அவனுக்குக் காலில் ஒட்டும் களிமண். கிழட்டுச் செடிகளைப் பிடுங்கிய கையோடு, அதே குழிகளில் அந்த மழைக்கே கன்று நட்டேன். அவனை முந்த வேண்டாமா! அவனோ பழைய வேர்களைப் பொறுக்கி எரித்து, தொழுவுரம் போட்டு, ஒரு வருஷம் நிலத்தைச் சும்மா விட்டான். நான் சிரித்தேன்.

எங்கள் ஊர் பஸ் நிலையமான தம்பானூரில் நானும் மணியும் காலை ஐந்தரை மணி பஸ் பிடித்தோம். பொன்முடிக்கு ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். நாங்கள் விதுரா தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் முன்பே இறங்கிவிட வேண்டும். ஜன்னலோர சீட் மணிக்குக் கிடைத்தது. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

என் பக்கத்தில் ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. சல்லிவேர் இல்லை, மிச்சமிருந்த வேரும் கறுத்துத் தோலுரிந்து கிடந்தது.

"நூற்புழு, அண்ணா. கண்ணுக்குத் தெரியாது," என்றான் மணி. "கிழட்டுச் செடி வேரை அப்பவே லேப்ல கொண்டு காட்டினேன். பழைய வேர்ல இருந்ததெல்லாம் ஒங்க கன்னுல ஏறிடுத்து. மணல்னா இடைவெளி ஜாஸ்தி, அதுக்கு ஊர்ந்து போக சொகம், கேட்டேளா?"

"ஒன் பக்கத்துல இல்லையாக்கும்?"

"கொஞ்சம் உண்டு. களியும் தொழுவுரமும் இருக்கறதால செடி தாங்கறது."

கொஞ்சம் உண்டு என்றதும் எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. கண்ணால் பார்த்தே தீர வேண்டுமென்று மம்பட்டியோடு அவன் பக்கம் பாய்ந்தேன். குறுக்கே வந்து நின்றான்.

"மம்பட்டியையும் காலையும் அலம்பிண்டு வாங்கோ. அந்த மண்ணு இங்க வேண்டாம்."

சுருக்கென்றது. வலியசாலை அக்கிரகாரத்தில் என் வீட்டு வாசலில் நான் மற்றவர்களுக்குச் சொல்வதை என்னிடமே சொல்கிறானே! வேறு வழியில்லாமல் ஓடையில் அலம்பிவிட்டு வந்து, ஒரு செடியின் ஓரமாகத் தோண்டினேன். என்னுடையதைவிட ஒரு வருஷம் இளைய செடி. வெள்ளை வேர்கள் மண்ணைக் கொத்தாகப் பிடித்திருந்தன. வேரை அறுத்துவிட்டேன், மணி குனிந்து மண்ணைத் தள்ளி மூடினான். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"நாலு வருஷச் செடிடா. எல்லாத்தையும் பிடுங்கணுமா?"

"பிடுங்கத்தான் வேணும், அண்ணா. நானும் வரேன்."

மறுநடவு செய்யப் போகிறவர்களே, முதலில் மண்ணையும் வேரையும் சோதனைக்குக் கொடுங்கள். பழைய வேரை மிச்சம் வைக்காதீர்கள். மணல் மண்ணென்றால் தொழுவுரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், அவசரமும் வேண்டாம். முடிந்தால் சகலைக்குப் பக்கத்தில் நிலமே வாங்காதீர்கள்.

என் பாதி இப்போது மொட்டையாகக் கிடக்கிறது. பிடுங்கி முடித்த மறுநாள், மணி வீட்டிலிருந்து அவனுடைய முதல் மகசூல் பொடி வந்தது. என் மனைவி காப்பி போட்டுக் கொடுத்தாள். மட்டமாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே குடித்தேன். பாழாய்ப்போன காப்பி, இன்னொரு டம்ளர் கேட்க வேண்டியதாகிவிட்டது.